நாட்பட்ட தோள் வலியில் மனத்தின் பங்கு

தோள் வலி என்று வைத்தியரை நாடி வருவோரில் ஒரு சாரார் சில வாரங்களில் குணமடைந்து, வலித்தது என்பதையே மறந்துவிடுகின்றனர். மற்றொரு சாராருக்கோ, அதே இடத்தில் அதே விதமாகத் தொடங்கிய வலி மாதங்களைக் கடந்து ஆண்டுக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் தொழிலையும் இல்லற வாழ்க்கையையும் ஒருங்கே குலைத்துவிடுகின்றது. ஹாலந்து தேசத்தில் குடும்ப வைத்தியர்களிடம் தோள் வலிக்காகச் சென்றவர்களை 1990-களில் தொடர்ந்து கவனித்து வந்த ஆராய்ச்சியாளர்கள், ஓராண்டு கழிந்த பின்னும் அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் வலியிலிருந்து முற்றிலும் விடுபடவில்லை என்று கண்டனர். நோய் ஒன்றுபோலவே இருக்கிறது, சிகிச்சையும் ஒன்றுபோலவே நடக்கிறது. ஆயினும் ஒருவர் மீள்கிறார், மற்றொருவர் மீளவில்லை. இந்த வேற்றுமைக்குக் காரணம் எலும்பிலும் தசையிலும் நாணிலும் மட்டுமே இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையை முற்றிலும் பொய்யென்று தள்ளிவிட இயலாது. ஆனால், நோயாளியின் அச்சம், கவலை, சோர்வு, தன்னால் ஆகும் என்னும் துணிவு, குணமாவோம் என்னும் எதிர்பார்ப்பு ஆகிய மனோபாவங்களுக்கும் அதில் கணிசமான பங்கு உண்டு என்பதைக் கடந்த அரை நூற்றாண்டின் ஆராய்ச்சிகள் படிப்படியாக வெளிப்படுத்தி வந்திருக்கின்றன. அப்பங்கு எத்தகையது, காலப்போக்கில் அது எவ்வாறு தொழிற்படுகின்றது, அதைப்பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்பவற்றையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

தோள் மூட்டு மனித சரீரத்தின் மூட்டுகளுள் மிகுந்த சுதந்திரம் பெற்றது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரிது. அதைத் தாங்கும் குழியோ ஆழமற்றது. ஆதலால் எலும்பின் அமைப்பைக் காட்டிலும், சுற்றிலும் அணைந்து நிற்கும் தசைகளாலும் நாண்களாலுமே அம்மூட்டு நிலைபெறுகின்றது. அவற்றுள் தலையாயவை ‘ரொடேட்டர் கஃப்’ என்று வைத்தியர்கள் வழங்கும் நான்கு தசைகளின் நாண்கள். தலைவாருதல், முதுகு தேய்த்தல், பரணிலிருந்து பாத்திரம் இறக்குதல், சட்டைக்குள் கை நுழைத்தல், குழந்தையைத் தூக்குதல் என்று விடிந்தது முதல் அடைந்தது வரை நாம் செய்யும் காரியங்களில் இந்நாண்களின் உதவி வேண்டாதது அரிது. ஆகவே, வலியுள்ள தோள் தன்னை உடையவருக்குத் தன்னை நினைவூட்டாத நாழிகை இல்லை. இரவில் அப்பக்கமாகப் புரண்டு படுத்தாலோ உறக்கமும் கலைந்துபோம். இவ்வாறு ஓயாமல் நினைவூட்டும் வேதனை மனத்தைத் தொடாமல் இருக்குமென்று எண்ணுவதற்கே இடமில்லை.

1995-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் சிலர், தோளில் எவ்வித வலியும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். அவர்களில் 34 விழுக்காட்டினருக்கு ரொடேட்டர் கஃப் நாண் முழுமையாகவோ பகுதியாகவோ கிழிந்திருந்தது. 60 வயதைக் கடந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் அக்கிழிசல் காணப்பட்டது. அவர்கள் அனைவரும் தம் தோளில் ஒரு குறை உண்டு என்ற எண்ணமே இல்லாமல் கையை உயர்த்தியும் வீசியும் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். இதன் மறுபக்கத்தை, ‘மூன்’ என்று சுருக்கமாக வழங்கும் அமெரிக்க ஆராய்ச்சிக் குழு 2014-இல் வெளியிட்டது. அடிபடாமலே நாண் முழுதும் கிழிந்து, அதனால் வலியும் அனுபவித்துவந்த 393 நோயாளிகளை அக்குழு ஆராய்ந்தபோது, கிழிசல் பெரிதாயிருந்தால் வலியும் பெரிதாயிருக்கும் என்னும் எளிய எதிர்பார்ப்பு பொய்த்தது. இரண்டிற்கும் குறிப்பிடத்தக்க சம்பந்தம் தென்படவில்லை. இரண்டாண்டு கழித்து யூட்டா சர்வகலாசாலையிலிருந்து வந்த மற்றொரு கட்டுரையோ, நோயாளி கூறும் வலியோடும் கையின் செயற்றிறனோடும் கிழிசலின் அளவைவிட அவருடைய மனநலமே நெருங்கிய தொடர்புடையதாய் இருக்கின்றது என்று தெரிவித்தது. படத்தில் தெரியும் சிதைவு வலிக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வலி எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அப்படத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

அப்படியாயின் வலி என்பதுதான் என்ன? பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ ஞானி டேக்கார்ட், கயிற்றை ஒரு முனையில் இழுத்தால் மறுமுனையில் மணி அடிப்பதுபோல, சரீரத்தின் ஓரிடத்தில் ஏற்பட்ட தாக்குதல் நரம்பு வழியே சென்று மூளையில் வலியாக ஒலிக்கின்றது என்றார். இக்கொள்கை முந்நூறு ஆண்டுகள் மருத்துவத்தை ஆண்டது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர், கடுமையாகக் காயமுற்ற போர்வீரர்களிடம் வலிமருந்து வேண்டுமா என்று கேட்டபோது, நால்வரில் ஒருவரே வேண்டுமென்று சொல்லக் கண்டு வியப்புற்று, 1946-இல் அதைப் பதிவு செய்தார். போர்க்களத்திலிருந்து உயிரோடு மீண்டவருக்குக் காயம் விடுதலையின் அறிகுறி. அதே காயம் நாட்டிலுள்ள ஒரு குடும்பஸ்தருக்கு நேர்ந்தால் அது பேரிடர். காயம் தரும் பொருளைப் பொறுத்து வலி மாறுகின்றது என்பது அவர் கண்ட முடிபு. 1965-இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும், முதுகுத்தண்டினுள் வலியின் செய்திகளைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஒரு வாயில் உண்டென்றும், மூளையிலிருந்து இறங்கிவரும் ஏவல்களும் அவ்வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் கூடுமென்றும் விளக்கினர். இவ்விளக்கத்தின் நுணுக்கங்கள் சில பின்னர்த் திருத்தப்பட்டன. ஆனால் மூளை வலியைப் பெற்றுக்கொள்ளும் இடம் மட்டுமன்று, வலியை உருவாக்குவதிலும் பங்கு கொள்வது என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. 1979-இல் சர்வதேச வலி ஆய்வுக் கழகம் வகுத்த இலக்கணம், வலியைப் புலனுணர்வும் உள்ளத்து உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்று ஏற்றுக்கொண்டது. 2020-இல் அது திருத்தப்பட்டபோதும் இப்பகுதி மாறவில்லை. மூன்று மாதத்திற்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வலி என்று வழங்குவது இன்றைய மரபு.

தோளைப் பற்றிய மனோதத்துவ ஆராய்ச்சி நல்ல வழியில் தொடங்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1934-இல் பாஸ்டன் நகரத்து அறுவை வைத்தியர் காட்மன் ‘உறைந்த தோள்’ என்று பெயரிட்ட நோய், எந்தத் தெளிவான காரணமும் இன்றி மூட்டை இறுக்கிப் பூட்டிவிட்டுப் பல மாதங்கள் கழித்துத் தானே தளரும் இயல்புடையது. காரணம் புலப்படாத இடத்தில் நோயாளியின் குணத்தின்மீது பழி போடுவது மருத்துவத்தில் பழைய வழக்கம். 1953-இல் அமெரிக்க வைத்தியர் ஒருவர், இந்நோய்க்கு ஆளாகிறவர்களுக்கென்று ஒரு தனிக் குண அமைப்பு உண்டு என்னும் கருத்தை வெளியிட்டார். சகிப்புத்தன்மை குறைந்தவர்கள், அசிரத்தையானவர்கள் என்னும் பொருள்பட அது பலரால் பேசவும் பட்டது. அந்தக் கருத்தை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் 1976-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள். அத்தகைய தனிக் குண அமைப்பு எதையும் அவர்கள் காணவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் எத்தனை பேர் தம் வலியோடு இந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் நெஞ்சு நோகின்றது. இவர் எத்தகைய மனிதர் என்று கேட்பது ஒன்று. வலி வந்தபின் இவர் மனத்தில் என்ன நிகழ்கின்றது, அதனால் வலியின் போக்கு எவ்வாறு மாறுகின்றது என்று கேட்பது வேறொன்று. முதற்கேள்வியை விட்டு இரண்டாவதற்கு ஆராய்ச்சி திரும்பிய பிறகே பயனுள்ள விடைகள் கிடைக்கலாயின.

அவ்விடைகளுள் மிக விரிவாக ஆராயப்பட்டது அச்சத்தின் தொழிற்பாடு. 1983-இல் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் சிலர் முன்வைத்ததும், 2000-ஆம் ஆண்டில் விளேயன், லின்டன் என்னும் இருவர் விரித்து அமைத்ததுமான கொள்கையின் சாரம் இது: வலி வந்தவர் அதை ஆபத்தின் அறிகுறியாகக் கொண்டால், அசைவுக்கு அஞ்சுவார், அஞ்சி அசையாதிருந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், வாழ்க்கை சுருங்கும், அந்தச் சுருக்கத்தில் சோர்வு பிறக்கும், சோர்வுற்ற மனத்திற்கு வலி இன்னும் பெரிதாகத் தோன்றும், பெரிதான வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கும். முதுகு வலியைக் கருதி வகுக்கப்பட்ட இக்கொள்கை தோளுக்கு இன்னும் ஒரு படி அதிகமாகப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். முதுகை முற்றிலும் அசைக்காமல் ஒருவர் நாளைக் கழித்துவிட முடியாது. தோளையோ, மற்றொரு கை இருப்பதால், அவர் மாதக்கணக்கில் ஓய்வில் வைத்துவிடலாம். வலக்கையால் எடுத்ததை இடக்கையால் எடுக்கப் பழகுகிறார். மேல்தட்டில் இருந்ததைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவைக்கிறார். தலைக்கு மேல் கை போகவேண்டிய காரியங்களை வீட்டார் தாமே எடுத்துச் செய்கின்றனர். ஒவ்வொன்றும் விவேகமான ஏற்பாடாகவே தோன்றும். முதல் சில வாரங்களில் அது உண்மையில் விவேகமும் ஆகும், புண்பட்ட நாணுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் ஆறு வாரத்தில் உதவிய ஏற்பாடு ஆறு மாதத்தில் பகையாகிவிடுகின்றது. ஏனெனில், உபயோகிக்கப்படாத மூட்டு அதற்குள் உண்மையாகவே இறுகிவிட்டதனால், என்றைக்கேனும் கையை உயர்த்த முயலும்போது உண்மையாகவே வலிக்கின்றது. அசைத்தால் கெடும் என்று அஞ்சியவருக்கு அது சாட்சியமாகிவிடுகின்றது.

பிசியோதெரபி அறையில் இதைக் கண்ணால் காணலாம். கப்பியில் கோத்த கயிற்றின் இரு முனைகளையும் இரு கைகளால் பற்றி, நல்ல கையால் கீழே இழுத்து நோவுற்ற கையை மேலே ஏற்றும் எளிய பயிற்சி அங்கே நடக்கும். அச்சமில்லாதவரின் கை வலியுள்ள எல்லை வரையில் சென்று, சற்று நின்று, இறங்கிவிடும். அஞ்சுகிறவரைப் பாருங்கள்: கயிறு அசையத் தொடங்குமுன்பே மூச்சை அடக்கிக்கொள்கிறார்; கழுத்துத் தசைகள் புடைக்கின்றன; தோள்பட்டை காதை நோக்கி ஏறிவிடுகிறது; கண் கயிற்றைப் பாராமல் தோளையே உற்று நோக்குகிறது. கை உயர்வதற்கு மூட்டு சுழல வேண்டிய இடத்தில் தோள்பட்டை முழுதுமே தூக்கப்படுவதால், தளர வேண்டிய தசை இறுகி, இறுக வேண்டிய தசை வேலையின்றி நிற்கின்றது. இவருடைய வலி கற்பனை அன்று. காப்பாற்றிக்கொள்ளும் நோக்கத்தோடு சரீரம் செய்த அம்முயற்சியே ஒரு புதிய வலிக்குக் காரணமாகிவிட்டது. அசைவச்சத்தை அளப்பதற்கென்று அமெரிக்காவின் டாம்பா நகரத்தின் பெயரால் வழங்கும் 17 வினாக்கள் கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஆனால் கூர்ந்து நோக்கும் பயிற்சியாளருக்கு அந்தத் தோள்பட்டையின் ஏற்றமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

அச்சத்தோடு பிறப்பது விபரீத சிந்தனை. அதாவது, வலியைப் பற்றி மனம் மிகக் கேடான முடிவையே திரும்பத் திரும்ப எண்ணும் போக்கு. கனடா தேசத்து மனோதத்துவ அறிஞர் மைக்கேல் சல்லிவனும் அவர் கூட்டாளிகளும் 1995-இல் இதை அளக்க 13 வினாக்களை அமைத்தபோது, அதனுள் மூன்று இழைகள் உண்டென்று பிரித்துக் காட்டினர்: வலியையே அசைபோடுதல், அதன் கேட்டை மிகைப்படுத்தல், தன்னால் இனி ஒன்றும் ஆகாது என்று கைவிடுதல். பகலில் வேலை மூடி மறைக்கும் இந்த எண்ணங்கள், இரவில் தோள் வலித்து விழித்துக்கொள்ளும்போது தடையின்றிப் பெருகுகின்றன. தூக்கம் கெட்ட மறுநாள் அதே தோளில் வலி அதிகம் உணரப்படுகின்றது. மனத்தின் இப்போக்கு பரம்பரையான சரீர அமைப்போடும் கலந்து தொழிற்படுகின்றது என்பதற்குப் புளோரிடாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி சான்று. அங்கே தோள் அறுவைக்கு உட்பட்ட நோயாளிகளில், வலியுணர்வோடு சம்பந்தமுடைய ‘கோம்ட்’ என்னும் மரபணுவின் ஒருவகை அமைப்பும் விபரீத சிந்தனையும் ஒருவரிடமே சேர்ந்திருந்தபோது வலி மிகுதியாய் இருந்தது என்று 2008-இல் அறிவித்தனர். மனத்தால் வந்த வலியா, சரீரத்தால் வந்த வலியா என்று பிரித்துக் கேட்கும் நம் வழக்கத்திற்கு இந்த முடிபு இடம் கொடுக்கவில்லை.

இதுவரை சொன்னவை கெடுக்கும் மனோபாவங்கள். காக்கும் மனோபாவங்களைப் பற்றிய ஆராய்ச்சி பின்னர் வந்தது. நான் இதையே அதிக மதிப்புடையதாகக் கருதுகிறேன். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் பிசியோதெரபிக்கு அனுப்பப்பட்ட 1030 தோள் வலி நோயாளிகளை ரேச்சல் செஸ்டரும் அவர் குழுவினரும் சேர்த்துக்கொண்டு, வயது, தொழில், நோயின் கால அளவு, பரிசோதனையில் கண்ட குறிகள், மனநிலை என்று 71 அம்சங்களைத் தொடக்கத்திலேயே குறித்துவைத்து, ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தனர். முடிபுகள் 2016-இல் வெளிவந்தன. எது எதிர்காலத்தை முன்னறிவித்தது? கையை எவ்வளவு உயர்த்த முடிந்தது, எந்தச் சோதனையில் வலித்தது என்பன போன்று வைத்தியர்கள் சிரத்தையோடு குறிக்கும் விவரங்களில் பெரும்பாலானவை அதற்கு உதவவில்லை. தொடக்கத்தில் வலியும் இயலாமையும் எவ்வளவு இருந்தன என்பது இயல்பாகவே பொருட்படுத்தத் தக்கதாய் இருந்தது. அதற்கு நிகராக நின்றவை இரண்டு. சிகிச்சையால் முழுக்குணம் அடைவோம் என்று எதிர்பார்த்தவர், சிறிதளவே குறையும் என்று எதிர்பார்த்தவரைவிட நன்றாகத் தேறினார். வலி இருக்கும்போதே அன்றாடக் காரியங்களைத் தம்மால் நடத்திக்கொள்ள முடியும் என்னும் தன்னாற்றல் நம்பிக்கை மிகுந்தவரும் அவ்வாறே தேறினார். இவற்றினும் வியக்கத்தக்கது ஒன்று உண்டு: மிகுந்த வலியோடு வந்து, ஆனால் தன்னாற்றல் நம்பிக்கையும் மிகுதியாய் உடையவர்கள், குறைந்த வலியோடு வந்து நம்பிக்கையும் குறைந்திருந்தவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ ஆறு மாத முடிவில் விளங்கினர்.

தன்னாற்றல் நம்பிக்கை என்பது வலியே இல்லை என்று மறுக்கும் மனவுறுதியோ, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கும் வீரமோ அல்ல. ‘வலித்தாலும் நான் என் வேலையைச் செய்துகொள்வேன், இன்று முடியாததை நாளை வேறு விதமாகச் செய்வேன்’ என்னும் நிதானமான எண்ணமே அது. ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் பொதுவாக வகுத்த இக்கருத்தின்படி, அந்நம்பிக்கை பெரும்பாலும் செய்து முடித்த காரியங்களிலிருந்து பிறக்கின்றது. ஆகவே அது பிறவிக்குணம் அன்று. வளர்க்கக் கூடியது, குலைக்கவும் கூடியது. ‘உங்கள் நாண் கிழிந்துபோய்விட்டது, இனிக் கையை அதிகமாக உபயோகிக்காதீர்கள்’ என்று ஒரு வைத்தியர் அவசரத்தில் சொல்லும் ஒரு வாக்கியம் அதைப் பல ஆண்டுகளுக்குக் குலைத்துவிட வல்லது.

எதிர்பார்ப்பின் வலிமைக்கு அறுவை சிகிச்சையின் துறையிலிருந்தே சாட்சியங்கள் உண்டு. முன்பு குறிப்பிட்ட மூன் குழுவினர், நாண் முழுதும் கிழிந்த நோயாளிகளுக்கு முதலில் பயிற்சிச் சிகிச்சையே அளித்துப் பார்த்தபோது, இரண்டாண்டு முடிவில் நால்வரில் ஒருவருக்கும் குறைவானவரே அறுவையை நாடியிருந்தனர். யார் நாடினர் என்று ஆராய்ந்தால், பயிற்சியால் தமக்குப் பயன் விளையாது என்று முதலிலேயே எண்ணியவர்களே முன்னிற்கின்றனர். மற்றெல்லாக் காரணங்களையும்விட இதுவே வலியதாய் இருந்தது. நாணைத் தைத்துச் சேர்க்கும் அறுவைக்கு உட்பட்டவர்களிடத்தும், முன்கூட்டிய எதிர்பார்ப்பு உயர்ந்திருந்தோர் பின்னர் அதிக நலம் பெற்றனர் என்று 2007-இல் ஓர் அமெரிக்க ஆராய்ச்சி காட்டிற்று. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தம் தோளின் உண்மை நிலையை ஓரளவு உள்ளூர உணர்ந்திருப்பவரே குறைவாக எதிர்பார்க்கிறார் என்றும் வாதிக்கலாம். அவ்வாறாயின் எதிர்பார்ப்பு காரணமாகாமல் முன்னறிவிப்பாக மட்டுமே நிற்கும். இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆராய்ச்சி இன்னும் போதிய அளவு நடக்கவில்லை.

ஆயினும் 2018-இல் வெளியான ஒரு சோதனை இவ்விஷயத்தில் பெரிய வெளிச்சம் தருகின்றது. சார்ல்ஸ் நீர் என்னும் அமெரிக்க அறுவை வைத்தியர் 1972-இல், தோள்பட்டையின் மேற்கூரைபோல் அமைந்த எலும்பு நாணை உராய்வதே பெரும்பாலான தோள் வலிக்குக் காரணம் என்று விளக்கி, அவ்வெலும்பின் அடிப்பகுதியைச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவையை வகுத்தார். பின்னர் அது நுண்துளை வழியே செய்யும் முறையாகி, உலகெங்கும் மிகப் பரவலாக நடந்துவந்தது. ஆக்ஸ்போர்டைத் தலைமையிடமாகக் கொண்ட ஆராய்ச்சியாளர்கள், இங்கிலாந்து முதலிய இடங்களில் 32 மருத்துவமனைகளைச் சேர்ந்த 313 நோயாளிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு எலும்பைச் செதுக்கும் உண்மை அறுவை. மற்றொன்றுக்குக் கருவியை உள்ளே செலுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் செதுக்காமல் மூடிய அறுவை. மூன்றாவதற்கு அறுவை ஏதுமின்றிக் கண்காணிப்பு. உண்மை அறுவைக்கும் செதுக்காத அறுவைக்கும் பயனில் வேற்றுமை இல்லை. அறுவையே பெறாதவர்களைவிட இருவகையினரும் சற்றே மேம்பட்டிருந்தனர். அந்தச் சிறு மேம்பாடும் நோயாளியின் வாழ்வில் உணரத்தக்க அளவை எட்டவில்லை. அதே ஆண்டில் பின்லாந்திலிருந்து வந்த சோதனையும் இதையே உறுதிப்படுத்திற்று. தோளுக்குள் செய்ததாகக் கருதப்பட்ட மாறுதலுக்கு இத்தனை ஆண்டுகள் நாம் அளித்துவந்த பெருமையில் பெரும்பகுதி, காலம் தானே தரும் குணத்திற்கும், சிகிச்சை நடந்தது என்னும் நம்பிக்கைக்கும், அறுவைக்குப் பின் துணிந்து செய்யப்பட்ட பயிற்சிக்கும் உரியதாகும் என்றே நான் இதிலிருந்து முடிவு செய்கிறேன்.

மனம் வலியைப் பெருக்குகின்றது என்று மட்டும் சொல்லி நிறுத்துவது பாதி உண்மையாகும். வலியும் மனத்தைக் குலைக்கின்றது. தென்கொரிய வைத்தியர்கள் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், நாண் கிழிந்தவர்களிடம் அறுவைக்கு முன் காணப்பட்ட மனச்சோர்வும் பதற்றமும் உறக்கமின்மையும், நாண் தைக்கப்பட்டு ஓராண்டு ஆவதற்குள் பெருமளவு குறைந்துவிட்டன. யாரும் அவர்களுக்கு மனோவைத்தியம் செய்யவில்லை; தோள் தேறியது, மனமும் உடன் தேறியது. ஆகவே ஒருநாள் ஒரே சமயத்தில் வலியையும் சோர்வையும் அளந்து, இரண்டும் சேர்ந்திருப்பதைக் கண்டு, சோர்வே வலிக்குக் காரணம் என்று தீர்ப்பளிக்கும் ஆராய்ச்சிகளை நாம் ஜாக்கிரதையோடு படிக்க வேண்டும். எது முன், எது பின் என்பதை அறிய ஒரே நோயாளியை வாரம் வாரமாக, மாதம் மாதமாகப் பின்தொடர்வதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

அச்சத்தைப் பற்றிப் பேசும்போது அது எப்போதும் பிழையான எண்ணம் என்று கொள்வதும் தவறாகும். மூட்டை தூக்கிப் பிழைப்பவர் தோளைப் பற்றி அஞ்சுவதற்கு நாளைய கூலி காரணமாக இருக்கிறது. அவருடைய கவலையை விபரீத சிந்தனை என்று ஓர் அளவுகோலில் மதிப்பெண் இட்டுவிட்டால் போதாது. 1979-இல் ராபர்ட் கராசெக் என்பவர், வேலைப்பளு மிகுந்தும் அவ்வேலையைத் தாமே ஒழுங்குசெய்துகொள்ளும் உரிமை குறைந்தும் இருப்போரே அதிக மனநெருக்கடிக்கு ஆளாகின்றனர் என்று காட்டினார். கழுத்து, தோள் வலிகளோடு இந்த நெருக்கடிக்குத் தொடர்பு உண்டென்பதைப் பின்வந்த ஆராய்ச்சிகள் பல எடுத்துரைத்துள்ளன. வலியுள்ளபோது ஓய்ந்து, தேறியபோது வேலை செய்ய உரிமை உள்ளவருக்குத் தன்னாற்றல் நம்பிக்கை எளிதில் வளரும். மேஸ்திரியின் கண்பார்வையில் வேலை செய்பவருக்கும், மூன்று தலைமுறைக்கும் சமைத்துப் போடும் குடும்பத் தலைவிக்கும் அது அவ்வளவு எளிதன்று. நம் நாட்டைப் பொறுத்தவரை இன்னொன்றையும் சேர்த்துக் கருத வேண்டும். உறைந்த தோள் நீரிழிவு உடையவர்களுக்கு மற்றவர்களைவிட மிக அதிகமாக வருகின்றது. நீரிழிவோ தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேசப்படும் வியாதியாகிவிட்டது. ஒரு நாட்பட்ட நோயின் கவலையோடு இருப்பவருக்கு மற்றொன்று வந்து சேரும்போது, இரண்டாவதை அவர் எந்த மனநிலையோடு எதிர்கொள்வார் என்பதை நம் மருத்துவமனைகள் கேட்டறிவது மிக அரிதாகவே இருக்கின்றது.

இத்துறையின் சாட்சியங்கள் எவ்வளவு உறுதியானவை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்பெயின் தேசத்து மலாகா சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்டினெஸ் கால்டெரோனும் கூட்டாளிகளும் 2018-இல் இவ்விஷயமாக வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் 27-ஐத் திரட்டி மதிப்பிட்டனர். அவற்றுள் அடங்கிய நோயாளிகள் 11,000-க்கும் மேற்பட்டோர். தன்னாற்றல் நம்பிக்கை, இடரிலிருந்து மீளும் திறன், குணமாவோம் என்னும் எதிர்பார்ப்பு ஆகியவை மிகுந்திருந்தவரிடம் வலியும் இயலாமையும் குறைந்தும், மனத்துயர், சோர்வு, பதற்றம், அச்சம், விபரீத சிந்தனை ஆகியவை மிகுந்தவரிடம் அவை கூடியும் காணப்பட்டன. ஆயினும் அச்சான்றுகளின் தரத்தை அவர்கள் ‘மிகக் குறைவு’ என்றே வகைப்படுத்தினர். அதற்கு முன்பே, 2007-இல், ஹாலந்து ஆராய்ச்சியாளர்கள் முதுகு வலியையும் தோள் வலியையும் ஒப்பிட்டு, மனோபாவங்களின் செல்வாக்கு முதுகு வலியில் தெளிவாகவும் தோள் வலியில் அதைவிட மெலிந்தும் தென்படுகின்றது என்று அறிவித்திருந்தனர். வைத்தியரிடம் முதன்முதலாக வந்த சில வாரத்து வலியையும் ஆண்டுக்கணக்கில் முற்றிய வலியையும் ஒன்றாகக் கலந்து பார்ப்பதும் இந்த வேற்றுமைகளுக்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வலி நாட்பட நாட்பட மனத்தின் பங்கு வளர்கின்றது என்பதே சான்றுகளின் பொதுவான சாய்வு.

சிகிச்சையின் நிலை என்ன? வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976-இல் எழுதிய நூல், வலிக்கும்போது நிறுத்தி, வலிக்காதபோது தொடரும் பயிற்சிக்கு மாறாக, முன்கூட்டிக் குறித்த அளவை நாள்தோறும் நிறைவேற்றிச் சிறிது சிறிதாக உயர்த்தும் முறையை நிலைநாட்டிற்று. அஞ்சிய அசைவுகளை எளியதிலிருந்து கடியதாக வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகச் செய்துபார்க்க வைப்பது மற்றொரு வழி: முதலில் இடுப்பளவு மேசையில் துணியால் துடைத்தல், பிறகு தோளளவுத் தட்டில் ஒரு குவளையை வைத்தல், பிறகு அதே குவளையில் நீர் நிரப்பி வைத்தல், கடைசியில் தலைக்கு மேலான பரண். தோளுக்கென்று தனியாக மனோவைத்திய முறைகளைச் சோதித்த ஆராய்ச்சிகள் இன்னும் சிலவே. ஆனால் 2021-இல் இங்கிலாந்தில் 708 பேரைக் கொண்டு நடந்த ஒரு பெரிய சோதனை என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. ஒரு பிரிவினர் பிசியோதெரபிஸ்டிடம் ஆறு முறை வரை சென்று படிப்படியான பயிற்சி பெற்றனர். மற்றொரு பிரிவினரோ ஒரே ஒரு முறை சந்தித்து, நோயின் தன்மையை நிதானமாகக் கேட்டறிந்து, வீட்டிலேயே செய்துகொள்ளும் எளிய பயிற்சிகளைக் கற்றுச் சென்றனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஒரே அளவில் தேறியிருந்தனர். அந்த ஒரே சந்திப்பு அவசரமானதன்று. ஒரு மணி நேரம் வரை நீளக்கூடியது.

இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் வைத்தியர், தோளைப் பரிசோதிப்பதைக் கைவிட்டுவிடக் கூடாது. இருதய நோயும் பித்தப்பை நோயும் தோளில் வலியாகத் தோன்றலாம். கழுத்து நரம்பின் அழுத்தமும், அரிதாகக் கட்டியும் அவ்விடத்தில் மறைந்திருக்கலாம். அவற்றை விலக்காமல் மனத்தைப் பற்றிப் பேசுவது அபாயகரமானது. விலக்கிய பின்னர், நோயாளியின் கையை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிஷங்களிலேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிட முடியும். உங்கள் தோளுக்கு என்ன நேர்ந்துவிட்டது என்று நீங்கள் எண்ணுகிறீர்கள்? எந்தக் காரியத்தைச் செய்தால் கெட்டுவிடும் என்று அஞ்சி விட்டுவிட்டீர்கள்? இன்னும் ஆறு மாதத்தில் எவ்வளவு குணம் அடைவீர்கள் என்று எதிர்பார்க்கிறீர்கள்? கூட்டம் நெருக்கும் அரசாங்க மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவிலும் இதற்குப் படமும் கருவியும் தேவையில்லை. விடைகளைச் சீட்டின் ஓரத்தில் குறித்துவைத்து, அடுத்த முறை அதே நோயாளி வரும்போது மறுபடியும் கேட்டு ஒப்பிட்டால் போதும்.